மேலே இருந்த நாலு காரட்

“நான் எழுதின ரிப்போர்ட்டை நானே வாபஸ் வாங்கினேன்னு ஒரு சரித்திரம் கிடையாது. இனிமேலும் இருக்காது!”

பணி ஓய்வு பெற்ற அன்று, பஸ் டிப்போவின் ஓய்வறையில், கையில் கேக்குத் துண்டோடு நின்றுகொண்டு டிக்கெட் பரிசோதகர் இப்படி முழங்கினார். ஓட்டுநர்களும் நடத்துநர்களும் கை தட்டினார்கள். பாசத்தில் தட்டினார்களா, நாளையிலிருந்து இந்த மனுஷன் வரமாட்டார் என்ற நிம்மதியில் தட்டினார்களா என்பது இன்றுவரை விசாரிக்கப்படாத விஷயம். அவருக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. கை தட்டியவர்களின் முகங்களை வரிசையாக ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கேக்கை வாயில் போட்டார்.

முழக்கத்தில் பொய்யில்லை. முப்பத்தோரு வருடம் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கியவர், தன் மச்சினனையே எழுதிக் கொடுத்தவர். அப்போது அவருக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம். மனைவியின் தம்பி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். “வாங்க மாமா, உக்காருங்க” என்று எழுந்து இடம் கொடுத்தான். மாமா உட்காரவில்லை. கையை நீட்டி டிக்கெட் கேட்டார். தம்பி சட்டைப்பை, கால்சட்டைப்பை, செருப்புக்கு அடியில் என்று எல்லா இடமும் துழாவி அசடு வழிந்தான். ‘உறவுமுறையைப் பயன்படுத்திப் பரிசோதகரை உட்காரவைக்க முயன்றார்’ என்று கூடுதலாக ஒரு வரியும் சேர்த்து அறிக்கை போயிற்று.

மறுநாள் துணி துவைக்கும்போது தம்பியுடைய சட்டைப்பையின் உள்மடிப்பில் டிக்கெட் நனைந்து கிடந்தது. சரியான தேதி, சரியான பஸ்.

“வாபஸ் வாங்குங்க” என்றாள் மனைவி.

“எழுதினது எழுதினதுதான்” என்றார் பரிசோதகர்.

இது நடந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. டிப்போவின் பதிவேட்டில் மச்சினன் பெயர் இன்னமும் இருக்கிறது. வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவன் வாசலிலேயே நின்று, “டிக்கெட் எடுத்துட்டுத்தான் உள்ள வரணுமா மாமா?” என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவான். அக்கா சிரிக்கமாட்டாள்.

ஓய்வு பெற்ற பரிசோதகருக்குச் சந்தேகப்பட ஆள் இல்லாமல் போனது. கொஞ்ச நாள் சுவர்க்கடிகாரத்தைச் சந்தேகப்பட்டார். பிறகு பால்காரரை. பிறகு, மேல்வீட்டுக்காரர்கள் தன் கொடியில் துணி காயப்போடுகிறார்களோ என்று ஒரு வாரம் மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்தார். சமையலறைக்கு வந்து, மூடியிருக்கும் டப்பாக்களைத் திறந்து பார்த்து, “உம்” என்று சொல்லிவிட்டு மூட ஆரம்பித்தபோதுதான் மனைவி முடிவெடுத்தாள்.

“ஏங்க, சனிக்கிழமை விவசாயிகள் சந்தைக்குப் போயிட்டு வரலாமா? தோட்டத்துக் காயி, அன்னைக்குப் பறிச்சதாம்.”

“பறிச்சதா? யாரு பாத்தா?”

“அதைத்தான் நீங்க வந்து பாருங்களேன்.”

பெரிய கூரைக்குக் கீழே நூற்றுப்பத்து கடைகள். நூற்றுப்பத்து முகங்கள். வாசலில் கால் வைத்த அந்தக் கணத்தில் பரிசோதகருக்கு வயது இருபது குறைந்தது.

அந்தச் சந்தைக்கு ஒரே ஒரு சட்டம். விளைவித்தவர்தான் விற்கவேண்டும், மொத்த வியாபாரியிடம் வாங்கி வந்து விற்கக்கூடாது. ஒவ்வொரு கடைக்கும் எண் போட்ட ஒரு அட்டை. சந்தேகம் இருப்பவர் அலுவலக ஜன்னலில் கயிற்றில் கட்டித் தொங்கும் நோட்டில் புகார் எழுதலாம். அடுத்த சனிக்கிழமை காலை ஐந்து பேர் கொண்ட குழு கூடும். புகார் எழுதியவர் நேரில் வந்து தன் புகாரில் உறுதியாக நின்றால், கடைக்காரரின் அட்டை போய்விடும். தோட்டத்துக்குப் போய்ப் பார்க்கக் குழுவிடம் வண்டியும் இல்லை, நேரமும் இல்லை. அதனால் எழுத்து எவ்வளவு திருத்தமாக இருக்கிறதோ அவ்வளவு நீதி. இப்படி ஒரு இடம் தனக்காகவே இவ்வளவு நாள் காத்திருந்ததே என்று பரிசோதகர் நோட்டுக் கயிற்றை ஒரு முறை தடவிப் பார்த்தார்.

இரண்டே வாரத்தில் அவர் ஒரு கோட்பாட்டை உருவாக்கினார்.

“காய்க்கு மண்ணுதான் டிக்கெட்” என்று மனைவியிடம் விளக்கினார். “மண்ணு ஒட்டியிருந்தா தோட்டத்துலயே ஏறினதுன்னு அர்த்தம். பளபளன்னு இருந்தா நடுவுல எங்கயோ ஏறியிருக்கு. புரியுதா?”

“தக்காளி?”

“என்ன தக்காளி?”

“தக்காளி செடியிலதானே தொங்குது. அதுல எப்படி மண்ணு ஒட்டும்?”

பரிசோதகர் அவளை உற்றுப் பார்த்தார். இப்படிப்பட்ட கேள்வியைக் குற்றவாளிகள்தான் கேட்பார்கள்.

கோட்பாட்டின்படி சந்தையிலேயே யோக்கியமான ஆள் வாசலுக்கு அருகே கடை போட்டிருந்த சேற்றுக்கைக்காரர். அவருடைய காரட்டைக் காரட் என்று கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் பிடிக்கும், அவ்வளவு மண். நகக்கண்ணில் மண், முழங்கையில் மண், காது மடலிலும் கொஞ்சம். “கையைக் காட்டுங்க” என்று பரிசோதகர் கேட்டபோது அவர் இரண்டு கையையும் பெருமையோடு விரித்துக் காட்டினார். பரிசோதகர் அந்தக் கையைக் குலுக்கினார். பணிக்காலத்தில் எந்தப் பயணியின் கையையும் குலுக்காத கை அது.

அயோக்கியத்தனத்தின் மறுகோடியில், கடைசி வரிசையில், சோப்பக்கா கடை. சந்தைக்காரர்கள் வைத்த பெயர். ஐம்பது வயது இருக்கும். காரட், பீட்ரூட், முள்ளங்கி மூன்றும் குளித்துத் தலைசீவி உட்கார்ந்த மாதிரி வரிசை கட்டியிருக்கும். கீழே விரித்த துணி ஆஸ்பத்திரிப் படுக்கை மாதிரி வெள்ளை. வாசலிலிருந்து ஒவ்வொரு கடையாகச் சோதித்து வந்த பரிசோதகர் இரண்டு மாதம் கழித்துத்தான் அங்கே போய்ச் சேர்ந்தார். அவள் நகம் ஒட்ட வெட்டி, பளிச்சென்று இருந்தது.

“கையைக் காட்டும்மா.”

“எதுக்கு சார்? ஜோசியமா?”

“நீதான் விளைவிக்கிறியா?”

“பின்ன, பக்கத்து வீட்டுக்காரியா?”

“மண்ணையே காணோமே?”

“கழுவினா மண்ணு போயிடும் சார்” என்றாள் அவள், சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல. பக்கத்துக் கடைக்காரர் சிரித்துவிட்டார்.

பரிசோதகர் நேராக அலுவலக ஜன்னலுக்குப் போனார். கயிற்று நோட்டைப் பிரித்து, தன் சொந்தப் பேனாவால் ஒன்றரைப் பக்கம் எழுதினார். ‘மேற்படி கடையின் விளைபொருள்களில் மண்ணின் அடையாளம் மருந்துக்கும் இல்லை. மேற்படி பெண்மணியின் நகங்கள் தோட்ட வேலை செய்பவரின் நகங்கள் அல்ல. கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லாமல் ஜோசியம், பக்கத்து வீடு என்று பேச்சைத் திசை திருப்பினார்.’ கீழே கையெழுத்து, அதன் கீழே பழைய பணி எண்.

பஸ்ஸில் திரும்பும்போது மனைவியிடம் சொன்னார்.

“அடுத்த சனிக்கிழமை அவ கடை இருக்காது.”

மனைவியின் முகம் ஒரு மாதிரி ஆனது. மடியிலிருந்த காய்கறிப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பரிசோதகர் அதைக் கவனித்தார். வெயில் என்று முடிவு செய்தார்.

“நான் சொன்ன மாதிரி சேத்துக்கைகிட்டதானே வாங்கினே?”

“ம்.”

“பையைக் காட்டு.”

காட்டினாள். மேலே நாலு காரட். பாதி மண்ணில் மூழ்கி, கோணலும் மாணலுமாக, ஒன்றுக்கு இரண்டு கால் முளைத்து, யோக்கியத்தின் உருவமாகக் கிடந்தன. பரிசோதகர் திருப்தியோடு தலையாட்டினார்.

இரண்டு மாதமாக இந்த வீட்டில் காரட்டுக்கு நல்ல காலம். பச்சையாக நறுக்கிக் கொடுத்தாலும், வேகவைத்துக் கொடுத்தாலும், அவர் கண்ணை மூடிக்கொண்டு மென்று, “இதுதான் காரட்! அந்தக் கழுவின சரக்கு இப்படி இனிக்குமா?” என்பார். மனைவி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

வழக்கு திங்கட்கிழமை காலை திசை மாறியது.

மனைவி மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். பரிசோதகர் சமையலறையில் வழக்கமான சோதனைக்கு வந்தவர், கூடையில் மிச்சமிருந்த ஒரு மண் காரட்டைக் கையிலெடுத்தார். குழு முன்னால் பேசும்போது, நல்ல காரட் இப்படித்தான் இருக்கும் என்று காட்ட ஒரு மாதிரி வேண்டுமே. மண்ணில் வெள்ளையாகப் பொடிப்பொடியாக ஏதோ தெரிந்தது. டிக்கெட் எண் பார்க்க வைத்திருந்த பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்தார்.

முட்டை ஓடு.

பரிசோதகருக்கு முட்டை ஓட்டைப் பற்றி நன்றாகத் தெரியும். பால்கனி ரோஜாத் தொட்டிக்கு வாரா வாரம் முட்டை ஓட்டைக் கழுவி, காயவைத்து, பூரிக்கட்டையால் உருட்டி, சல்லடையில் சலித்துப் போடுகிறவர் அவர்தான். வேறு யாரையும் அந்தச் சல்லடையைத் தொட விடுவதில்லை.

முதலில் அவருக்குத் தோன்றியது, சேற்றுக்கைக்காரரும் ரகசியமாக முட்டை ஓடு போடுகிறார் என்பது. இரண்டாவது, சேற்றுக்கைக்காரர் இரவில் வந்து தன் தொட்டி மண்ணைத் திருடுகிறார் என்பது. மூன்றாவது மாடி என்பதால் இரண்டாவதைக் கொஞ்சம் யோசித்துத்தான் கைவிட்டார். பிறகு பால்கனிக்குப் போய்த் தொட்டியைப் பார்த்தார்.

மண்ணில் நாலு விரல் இழுத்த தடம். பக்கத்தில் இன்னொரு தடம், கொஞ்சம் பழையது. அதற்குப் பக்கத்தில் அதைவிடப் பழையது. தன் விரலை வைத்துப் பார்த்தார். தடம் சின்னது.

மனைவி கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தபோது பரிசோதகர் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ரோஜாத் தொட்டி. கையில் காரட்.

“கையைக் காட்டு.”

மனைவி தொட்டியைப் பார்த்தாள், காரட்டைப் பார்த்தாள், மருந்துப் பையை மேஜைமேல் வைத்தாள். கையைக் காட்டவில்லை.

“ரெண்டு மாசமா பூசுறேன்” என்றாள். “இப்பத்தான் கண்டுபிடிச்சீங்களா? டிப்போவுல எப்படித்தான் சம்பளம் குடுத்தாங்களோ.”

“இது யார்கிட்ட வாங்கின காரட்டு?”

“சோப்பக்காகிட்ட. நீங்க வாசல்ல நின்னு ஒவ்வொருத்தர் கையா பாத்துட்டு இருப்பீங்க. ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்துல நான் கடைசி வரிசைக்குப் போயிட்டு வந்துடுவேன். பின்னாடி கூடையில கோணலெல்லாம் போட்டு வெச்சிருப்பா. அதுதான் இனிக்கும். நீங்க கண்ணை மூடிட்டு மென்னீங்களே, அது.”

“அப்ப அந்தச் சேத்துக்கை காரட்டு?”

“மொத வாரம் வாங்கினேன். சனிக்கிழமை பூரா உக்காந்து தேச்சேன். மணிக்கட்டு வீங்கிப்போச்சு. மறு வாரத்துலேர்ந்து, கிளம்பும்போதே தொட்டி மண்ணு ஒரு பொட்டலம் எடுத்துட்டு வந்து, உங்க பார்வைக்கு மேலாக்க நாலுக்கு மட்டும் பூசுவேன். உங்க சட்டப்படி டிக்கெட்டு.”

பரிசோதகர் கையிலிருந்த காரட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டிக்கெட் இல்லாமல் ஒரு பயணி இரண்டு மாதமாகத் தன் வயிற்றுக்குள் பயணம் செய்திருக்கிறான். அதுவும் பாராட்டுப் பத்திரத்தோடு.

“நான் புகார் எழுதினப்பவே சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா? வாபஸ் வாங்குவீங்களா?” மனைவியின் குரல் சட்டென்று தணிந்தது. “என் தம்பி டிக்கெட்டை ஈரத்தோட கொண்டுவந்து உங்க கையில வெச்சேனே. அப்ப என்ன சொன்னீங்க?”

மருந்துப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பரிசோதகரின் மடியில் ரோஜாத் தொட்டி கனத்தது.

இருந்தாலும் அவர் பரிசோதகர். காரட் இனிக்கிறது என்பதாலேயே அது அவள் தோட்டத்தில் விளைந்தது என்று ஆகிவிடாது. மொத்த வியாபாரியின் காரட்டும் இனிக்கக்கூடும். மனைவி கட்சி மாறிய சாட்சி. அவள் சொல் செல்லாது. சந்தை வாசல் பலகையில் கடைக்காரர்களின் தோட்ட முகவரிகள் எழுதியிருந்தன. வியாழக்கிழமை காலை, யாரிடமும் சொல்லாமல், இரண்டு பஸ் மாறிக் கிளம்பினார். டிக்கெட்டைக் கடைசி நிறுத்தம் வரை கையிலேயே பிடித்திருந்தார்.

தோட்டம் பெரிதில்லை. ஒரு பக்கம் தகரக் கொட்டகை. அதன் முன்னால் மூன்று தொட்டிகள் வரிசையாக இருந்தன. முதல் தொட்டித் தண்ணீர் செம்மண் நிறம், இரண்டாவது லேசான கலங்கல், மூன்றாவது குடிக்கலாம் போல இருந்தது. ரப்பர் கையுறையும் முழங்கால்வரை பூட்ஸும் போட்டுக்கொண்டு சோப்பக்கா முள்ளங்கியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நகத்தில் ஏன் மண் இல்லை என்ற கேள்விக்குக் கையுறை பதில் சொல்லிவிட்டது.

“சும்மா... இந்தப் பக்கம் வந்தேன்” என்றார் பரிசோதகர்.

“இந்தப் பக்கம் யாரும் சும்மா வரமாட்டாங்க சார். பஸ்ஸு இதோட திரும்பிடும்.” அவள் நிமிர்ந்து பார்த்தாள். “நீங்கதானே எழுதினது?”

“யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? உங்க மூஞ்சியிலயே ஒட்டியிருக்கே.”

முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பது தன் தனிச்சொத்து என்று முப்பத்தோரு வருடம் நினைத்திருந்தவருக்கு இது புது அனுபவம். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ரெண்டு பிடுங்கிப் பாக்கலாமா?”

“தாராளமா. ஆனா பிடுங்கினதைக் கழுவி வெச்சுட்டுத்தான் போகணும்.”

பரிசோதகர் பஸ்ஸில் செய்வதுபோலவே செய்தார். முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் திரும்பிக் கடைசி வரிசையில் ஒன்று. மூன்றும் காரட். மூன்றும் மண்ணைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தன. அவற்றில் ஒன்றுக்கு இரண்டு கால். அவருக்கு நன்றாகத் தெரிந்த உருவம்.

தொட்டியருகே குந்தி உட்கார்ந்து கழுவினார். இரண்டாவது தொட்டியில் அவசரப்பட்டபோது, “அது இன்னும் போகல, பாருங்க, இடுக்குல” என்று சோப்பக்கா திருப்பிக் கொடுத்தாள். மறுபடி கழுவினார்.

“எதுக்கும்மா இப்படிக் கழுவறே? மண்ணோட குடுத்தா சனங்க நம்புவாங்கல்ல?”

“ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல இருபத்திரண்டு வருஷம் இருந்தேன் சார். ஒரு பொட்டுக் கறை இருந்தாலும் துணியைத் திருப்பி அனுப்பிடுவாங்க. கையி பழகிடுச்சு. உங்களுக்குச் சந்தேகம் பழகின மாதிரி.” கையுறையை உதறினாள். “என் இடத்துக்கு மெஷின் வந்துச்சு. நான் இங்க வந்தேன். மொத்த வியாபாரி வந்து பாத்தான். கோணல் வேணாம்னுட்டான். என் நிலத்துல கல்லு ஜாஸ்தி, பாதிக்கு மேல கோணல்தான் வரும். சந்தையில அந்த அட்டை இல்லேன்னா இதெல்லாம் மண்ணுக்குள்ளயே கெடக்க வேண்டியதுதான்.”

கெஞ்சவில்லை. இன்று காற்று அதிகம் என்பதுபோலச் சொல்லிவிட்டு அடுத்த முள்ளங்கியை எடுத்தாள். பரிசோதகருக்கு அது பிடிக்கவில்லை. கெஞ்சியிருந்தால் சந்தேகப்பட்டிருக்கலாம்.

“அந்தச் சேத்துக்கைக்காரர்...” என்று கடைசி நம்பிக்கையைப் பிடித்தார்.

“நல்ல மனுஷன். அவரும் சொந்தமா வெளைவிக்கிறவர்தான். வாய்க்கால்ல கழுவித்தான் எடுத்துட்டு வருவாரு. சந்தை வாசல்ல ஒரு வாளி மண்ணு வெச்சிருப்பாரு, சந்தை தெறக்கறதுக்கு முன்னாடி மறுபடி பூசுவாரு.”

“எதுக்கு?”

சோப்பக்கா அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒரு முறை பார்த்தாள்.

“உங்களை மாதிரி ஆளுங்களுக்காகத்தான் சார்.”

பரிசோதகர் மூன்று காரட்டையும் வெள்ளைத் துணிமேல் வைத்தார். திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

சனிக்கிழமை சந்தை திறக்கும் முன்பே அலுவலகக் கதவைத் தட்டினார். குழு உறுப்பினர்கள் ஐந்து பேரும் உள்ளறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் எழுத்தைப் படித்த தலைவர், “இந்த மாதிரி ஒரு புகாரை நான் பார்த்ததே இல்லை. என்ன நடை!” என்று மற்றவர்களுக்கு உரக்க வாசித்துக்காட்டும் குரல் வெளியே கேட்டது. நல்ல நேரத்தில் பாராட்டு வராது என்பதைப் பரிசோதகர் அன்று கண்டுகொண்டார்.

“புகாரைத் திரும்ப எடுக்க ஃபார்ம் இருக்கா?” என்று குமாஸ்தாவிடம் தணிந்த குரலில் கேட்டார்.

“என்னது சார்?”

“ஃபார்ம். திரும்ப எடுக்க.”

குமாஸ்தா மூன்று இழுப்பறைகளைத் திறந்து பார்த்தார். “யாரும் கேட்டதே இல்லையே சார். வெள்ளைத்தாள்ல எழுதிக் குடுங்க. காரணம் கட்டாயம் போடணும், தலைவர் கேப்பார்.”

பரிசோதகர் பேனா மூடியைத் திறந்தார். முப்பத்தோரு வருடத்தில் ஒரு முறைகூடத் தயங்காத பேனா. ‘காரணம்’ என்று எழுதி இரண்டு புள்ளி வைத்துவிட்டு வெளியே பார்த்தார். கடைசி வரிசையில் சோப்பக்கா வெள்ளைத் துணியை விரித்து, சுருக்கத்தைக் கையால் நீவிக்கொண்டிருந்தாள். அட்டையை எடுத்துத் துடைத்து, வழக்கமான ஆணியில் மாட்டினாள். இந்த வாரத்தோடு அதைக் கழற்ற வேண்டியிருக்குமோ என்று தெரியாமலே மாட்டினாள். அவளுக்கு முன்னால் மனைவி குனிந்து, பின்கூடையிலிருந்து கோணல் காரட்டாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இந்த முறை ஒளிந்து இல்லை.

‘பரிசோதகர் சரியாகப் பரிசோதிக்கவில்லை’ என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். பணி எண்ணைப் போடவில்லை.

குமாஸ்தா தாளை வாங்கிப் படித்துவிட்டு உள்ளறைக்குக் கொண்டுபோனார். வாசிக்கும் குரல் பாதியில் நின்றது. குமாஸ்தா திரும்பி வந்தபோதும் பரிசோதகர் அதே இடத்தில் நின்றிருந்தார்.

“முடிஞ்சுது சார். அந்தம்மா கடைக்கு ஒரு தொந்தரவும் இல்ல. நீங்க போகலாம்.”

“இன்னொரு தாள் கிடைக்குமா?”

“இன்னொரு கடை மேல புகாரா?” குமாஸ்தாவின் முகம் சுருங்கியது.

“இல்ல. இது காய்கறி சமாசாரம் இல்ல.”

தாளை வாங்கி ஜன்னல் விளிம்பில் வைத்து, மேலே ‘டிப்போ மேலாளர் அவர்களுக்கு’ என்று எழுதினார். மனைவி பையோடு இந்தப் பக்கம் திரும்புவது தெரிந்ததும் உடம்பால் தாளை மறைத்துக்கொண்டு, அடுத்த வரியைச் சின்ன எழுத்தில் எழுதினார்:

‘பொருள்: இருபத்தாறு வருடங்களுக்கு முன் என் மச்சினன் வைத்திருந்த டிக்கெட்.’